மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்ற குழந்தைகளும்: அன்றாடச் செயல்களில் பங்கேற்பை அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்ற குழந்தைகளும் வீட்டிலும் பள்ளியிலும் வெளியிலும் அன்றாடச் செயல்களில் எந்த அளவுக்குப் பங்கேற்கிறார்கள் என்பதை முதன்முறையாக அளக்கப் புறப்படும் சிகிச்சையாளர்கள், சிறப்பாசிரியர்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வினாத்தாளை எடுத்துக்கொண்டு நேராக வீடுகளுக்குப் போய்விடுவதுதான் புதியவர்களின் வழக்கம். வேலையில் பாதி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது, திருத்த முடியாத தரவு கைக்கு வந்த பிறகே அவர்களுக்குத் தெரிகிறது. ஆகவே படிகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே தந்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் என்ன கெடும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

1. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பங்கேற்பை அளப்பதற்குப் பொதுவாக மூன்று நோக்கங்கள் இருக்கும். இரு குழுக்களை ஒப்பிடுவது ஒன்று. ஒரு குழந்தைக்கான சிகிச்சை இலக்கைத் தீர்மானிப்பது மற்றொன்று. ஒரு திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்ப்பது மூன்றாவது. ஒப்பீட்டுக்கு எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே பட்டியலைக் கேட்க வேண்டும். இலக்கு வகுக்கவோ அந்தக் குழந்தைக்கு முக்கியமான இரண்டு மூன்று செயல்களே போதும். மாற்றத்தைப் பார்க்கச் சிறிய நகர்வையும் காட்டக்கூடிய கருவி, அதாவது அளவை வினாத்தாள், தேவை.

மூன்றையும் ஒரே கருவியால் முடித்துவிடலாம் என்று எண்ணித் தொடங்குபவர்கள் மூன்றையும் அரைகுறையாகவே முடிக்கிறார்கள். இந்த வழிகாட்டி முதல் நோக்கத்தை, அதாவது ஒப்பீட்டை, மையமாகக் கொண்டது.

2. பங்கேற்பைத் திறனிலிருந்து பிரித்துவிடுங்கள்

செயல்பாடு, இயலாமை, உடல்நலம் ஆகியவற்றுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பன்னாட்டு வகைப்பாடு, ஐ.சி.எஃப்., ஒரு பணியைச் செய்து முடிப்பதைச் 'செயல்' என்றும், வாழ்க்கைச் சூழ்நிலை ஒன்றில் ஈடுபட்டிருப்பதைப் 'பங்கேற்பு' என்றும் வரையறுக்கிறது. இரண்டையும் ஒரே ஒன்பது அதிகாரங்கள் கொண்ட பட்டியலுக்குள் வைத்ததால், எது செயல், எது பங்கேற்பு என்ற குழப்பம் ஆய்வாளர்களிடமும் நீடிக்கிறது. உங்கள் குழுவுக்குள் அந்தக் குழப்பம் இருக்கக் கூடாது.

ஒரு வீட்டைப் பாருங்கள். சிறுமிக்குக் கை நடுங்கும், அப்பா ஊட்டிவிடுகிறார். ஆனால் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் பேச்சைத் தொடங்குவதும், தம்பியைக் கிண்டல் செய்வதும், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பதும் அவள்தான். அண்ணன் தன் கையாலேயே சாப்பிடுகிறான், கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்காமல். திறனை அளந்தால் அண்ணனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். குடும்பத்தோடு சாப்பிடும் சூழ்நிலையில் பங்கேற்பை அளந்தால் தங்கைக்கே கூடுதலாகக் கிடைக்க வேண்டும். உங்கள் வினாத்தாள் இதைக் காட்டவில்லை என்றால் அது அளப்பது வேறு எதையோ.

அடுத்ததாக, பங்கேற்புக்குள்ளேயே இரண்டு கூறுகள் உண்டு. குழந்தை அந்த இடத்தில் இருக்கிறதா, எவ்வளவு அடிக்கடி இருக்கிறது என்பது கலந்துகொள்ளல். இருக்கும்போது மனம் எவ்வளவு ஒன்றியிருக்கிறது, முயற்சியும் பிறரோடு உறவாடுதலும் எந்த அளவுக்கு உள்ளன என்பது ஈடுபாடு. ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடும் என்ற உறுதி இல்லை. நாள் தவறாமல் விளையாட்டு வகுப்புக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வரும் குழந்தையை எல்லாரும் பார்த்திருப்போம். எனவே இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி, தனித்தனி மதிப்பெண், கடைசி அறிக்கையிலும் தனித்தனி அட்டவணை.

செயல்திறன், தன்னைப் பற்றிய எண்ணம், விருப்பம் ஆகியவை பங்கேற்போடு தொடர்புடையவை. பங்கேற்பைப் பாதிப்பவை, அதனால் பாதிக்கப்படுபவை. அவற்றையும் அளக்கலாம். ஆனால் பங்கேற்பு மதிப்பெண்ணுக்குள் கூட்டிச் சேர்க்கக் கூடாது.

3. இரு குழுக்களையும் ஒரே வழியில் பிரியுங்கள்

சிறப்புப் பள்ளி ஒன்றின் பட்டியலிலிருந்து ஒரு குழுவையும், பக்கத்துப் பொதுப் பள்ளியிலிருந்து மற்றொரு குழுவையும் எடுப்பதே எளிது. அப்படி எடுத்தால் கடைசியில் கிடைக்கும் வேறுபாடு மாற்றுத்திறனால் வந்ததா, பள்ளியின் வகையால் வந்ததா, வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தொலைவால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மேலும், கண்டறியப்படாத கேள்திறன் சிக்கலோ கற்றல் சிரமமோ உள்ள குழந்தைகள் பொதுப் பள்ளியிலும் இருப்பார்கள்; அவர்கள் ஒப்பீட்டுக் குழுவுக்குள் புகுந்து வேறுபாட்டைச் சிறிதாக்கிக் காட்டுவார்கள்.

யுனிசெஃப்பும், மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்கான ஐ.நா. சார்ந்த வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட குழந்தைச் செயல்பாட்டுக் கேள்வித் தொகுதி இதற்குப் பொருத்தமானது. 2 முதல் 4 வயது வரை ஒன்று, 5 முதல் 17 வயது வரை ஒன்று என இரு வடிவங்கள் உள்ளன. தாயிடமோ முதன்மைப் பராமரிப்பாளரிடமோ கேட்க வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்குச் 'சிரமம் இல்லை', 'ஓரளவு சிரமம்', 'மிகுந்த சிரமம்', 'முடியவே முடியாது' என்பவையே விடைகள். கடைசி இரண்டில் ஒன்று, பார்வை, கேட்டல், நடை போன்ற துறைகளில் ஏதேனும் ஒன்றில் வந்தால் அக்குழந்தை மாற்றுத்திறனாளிக் குழுவில் வைக்கப்படுகிறது. பெரிய குழந்தைகளின் வடிவத்தில் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் எவ்வளவு அடிக்கடி என்று கேட்கப்படுகிறது; 'நாள்தோறும்' என்பதே அங்கே வரம்பு. இதை இரு தரப்புக் குழந்தைகளின் பராமரிப்பாளர்களிடமும் கேளுங்கள். சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக ஒருவரிடமும் தவிர்க்க வேண்டாம்.

இதில் ஒரு பொறி உண்டு. அந்தத் தொகுதியில் 'நண்பர்களைப் பெறுதல்', 'தன்னைக் கவனித்துக்கொள்ளுதல்' ஆகிய துறைகளும் உள்ளன. நண்பர்களைப் பெறுவதில் மிகுந்த சிரமம் உள்ளது என்பதை வைத்து ஒரு குழந்தையைப் பிரித்துவிட்டு, பிறகு 'இவர்கள் நண்பர்களோடு விளையாடுவது குறைவு' என்று முடிவு எழுதினால், நீங்கள் உள்ளே வைத்ததையே வெளியே எடுத்திருக்கிறீர்கள். அந்தத் துறையால் மட்டுமே குழுவில் சேர்ந்த குழந்தைகளை நீக்கிவிட்டு மறுபடி ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். விடை பெரிதாக மாறினால் அதை அறிக்கையில் சொல்லுங்கள்.

உடன்பிறந்தவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைப்பது பலருக்குத் தோன்றும் யோசனை. குடும்ப வருமானமும் வீட்டுச் சூழலும் சமமாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பராமரிப்பில் கைகொடுக்கும் அக்காவின் நாளும் வேறு குழந்தைகளின் நாளைப் போன்றதாக இருப்பதில்லை. அவர்களைத் தனி மூன்றாம் குழுவாக வைப்பதே என் பரிந்துரை.

4. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

புதிய வினாத்தாளைத் தாமே எழுதிவிடும் ஆசையை முதலில் அடக்குங்கள். நிறுவப்பட்ட கருவியைப் பயன்படுத்தினால்தான் உங்கள் முடிவைப் பிறருடைய முடிவோடு வைத்துப் பார்க்க முடியும். அதிகம் பயன்படுபவை இவை.

'கேப்' (CAPE: Children's Assessment of Participation and Enjoyment) என்று சுருக்கமாக அழைக்கப்படும் கருவி, 6 முதல் 21 வயது வரை உள்ளவர்களிடம், பள்ளிப் பாடத்திட்டத்துக்கு வெளியே செய்யும் 55 செயல்களைப் பற்றி நேரடியாகக் கேட்கிறது. கடந்த 4 மாதங்களில் செய்தாயா, எவ்வளவு அடிக்கடி, யாரோடு, எங்கே, எவ்வளவு பிடித்திருந்தது என்று கேள்விகள் போகும். குழந்தையின் சொல்லே வேண்டும் என்றால் இதுதான் நல்லது. பள்ளிக்குள் நடப்பதை அறிய இது உதவாது; 55 செயல்களையும் ஐந்து விதமாகக் கேட்கையில் சிறிய குழந்தைகள் சோர்ந்தும் போவார்கள்.

'பெம்-சிஒய்' (PEM-CY: Participation and Environment Measure for Children and Youth) 5 முதல் 17 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கானது. வீடு 10, பள்ளி 5, சமூகம் 10 என 25 வகைச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு ஈடுபாட்டோடு, இதில் மாற்றம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அந்தந்த இடத்தின் சூழல் உதவுகிறதா தடுக்கிறதா என்றும் கேட்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், மற்ற குழந்தைகள் இரு தரப்புக்கும் பயன்படும் வகையிலேயே உருவாக்கப்பட்டது என்பதால் குழு ஒப்பீட்டுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதன் சிறார் வடிவம் தனியாக உண்டு.

'காஸ்ப்' (CASP: Child and Adolescent Scale of Participation) 20 உருப்படிகள், அதாவது தனித்தனியே கேட்கப்படும் செயல்கள், மட்டுமே கொண்டது, விரைவில் முடியும். இது 'அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் எப்படி' என்று பெற்றோரிடம் கேட்கிறது. சிகிச்சைப் பிரிவில் இது பயன் தரும். ஒப்பீட்டு ஆய்வில் சிக்கல் என்னவென்றால், மாற்றுத்திறன் இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோர் 'வயதுக்கு ஏற்றபடி' என்ற உச்ச விடையிலேயே குவிந்துவிடுவார்கள்; அவர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மறைந்துபோகும். தவிர, ஒப்பீட்டை உங்கள் கணக்குக்கு முன்பே பெற்றோர் தம் மனத்தில் செய்துவிடுகிறார்கள்.

பேச்சோ எழுத்தோ தடையாக உள்ள குழந்தைகளுக்காகப் படங்களைக் கொண்டு நேர்காணல் செய்யும் கருவிகளும் உள்ளன. படத்தை எடுத்து 'அடிக்கடி', 'எப்போதாவது', 'ஒருபோதும் இல்லை' என்ற இடங்களில் ஒன்றின் கீழ் குழந்தையே வைக்கும். அறிவுத்திறன் சவால் உள்ள குழந்தைகளைப் 'பதில் சொல்ல இயலாதவர்கள்' என்று ஒதுக்கிவிடாமல் இருக்க இது உதவும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் பயன்படுத்தவும் மொழிபெயர்க்கவும் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். ஒப்புதல் தாமதமாகலாம் என்பதால் இதை மற்ற ஏற்பாடுகளுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

5. மொழிபெயர்த்து, பிறகு மக்களிடம் சோதியுங்கள்

இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தல், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குதல், மூலத்தை அறியாத ஒருவர் அதை மூல மொழிக்கே மீள் மொழிபெயர்த்தல், முரண்களைத் தீர்த்தல், கடைசியாகப் பெற்றோரிடமும் குழந்தைகளிடமும் புரிதல் சோதனை: இதுவே ஏற்கப்பட்ட வரிசை. மீள் மொழிபெயர்ப்பு மூலத்தோடு பொருந்தியதும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. சொல்லுக்குச் சொல் பொருந்திய கேள்வியும் கேட்பவர் காதில் வேறொன்றாக விழலாம்.

புரிதல் சோதனையில் பெற்றோரிடம் 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள். எல்லாரும் புரிந்தது என்றே சொல்வார்கள். 'இந்தக் கேள்வியை வாசித்ததும் உங்கள் மனத்தில் வந்த செயல் எது, கடைசியாக அது நடந்தது எப்போது' என்று கேளுங்கள். 'மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுதல்' என்பதற்கு ஒருவர் தெருவில் ஓடி விளையாடுவதை மட்டும் நினைப்பார். மற்றொருவர் இரு குழந்தைகள் ஒரே அறையில் தனித்தனியே பொம்மை வைத்திருப்பதையும் கணக்கில் சேர்ப்பார். இந்த இடைவெளி இரு குழுக்களிலும் ஒரே அளவில் இருந்தால் ஒப்பீடு ஓரளவு தப்பிக்கும். ஒரு குழுவின் பெற்றோர் மட்டும் கேள்வியை வேறு விதமாக எடுத்துக்கொண்டால் எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. ஆகவே சோதனையில் இரு குழுப் பெற்றோரும் இருந்தாக வேண்டும்.

உங்கள் பகுதியில் நடக்காத செயல் பட்டியலில் இருந்தால், அதே பயனுள்ள உள்ளூர்ச் செயலை எடுத்துக்காட்டாகச் சேருங்கள். உருப்படியையே நீக்கினால் மொத்த மதிப்பெண்ணைப் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

6. யாரிடம் கேட்பது என்று தீர்மானியுங்கள்

எவ்வளவு அடிக்கடி என்பதில் பெற்றோரின் விடையும் குழந்தையின் விடையும் ஓரளவு ஒத்துப்போகலாம். பார்த்து எண்ணக்கூடியது அது. மகிழ்ச்சி, ஈடுபாடு, விருப்பம் ஆகியவற்றில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். இதில் ஒருவர் சொல்வது உண்மை, மற்றவர் சொல்வது பிழை என்று பார்க்கக் கூடாது. இருவரும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கிறார்கள்.

மாறக் கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு குழுவில் பெற்றோரையும் மற்றொரு குழுவில் குழந்தைகளையும் கேட்கக் கூடாது. 'இந்தக் குழந்தைகளால் பதில் சொல்ல முடியாது, அதனால் அம்மாவைக் கேட்டோம். அந்தக் குழந்தைகள் நன்றாகப் பேசினார்கள், அவர்களையே கேட்டுவிட்டோம்' என்று களத்தில் நல்லெண்ணத்தோடுதான் இது நடக்கும். பிறகு கிடைக்கும் வேறுபாடு குழுவால் வந்ததா, சொன்னவரால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை. குழந்தையைக் கேட்பதென்றால் இரு குழுவிலும் குழந்தையைக் கேளுங்கள். தேவைப்படும் குழந்தைகளுக்குப் படம், சைகை, கூடுதல் நேரம் ஆகியவற்றைக் கொடுங்கள். யாருக்கு என்ன உதவி கொடுக்கப்பட்டது என்பதையும் குறித்துவையுங்கள்.

பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் சம்மதமும் தேவை. பேசாத குழந்தையும் முகத்தைத் திருப்பியோ படத்தைத் தள்ளிவிட்டோ மறுப்பைத் தெரிவிக்கும். அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும்.

7. நேர்காணல்: 'இல்லை' என்ற விடையில் நின்று கேளுங்கள்

பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

கடைக்குப் போவது பற்றிய கேள்வி. தாய் சொல்கிறார்: "அவன் எங்கம்மா கடைக்குப் போவான்? நான் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு." கேள்வி கேட்கும் பெண் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த உருப்படிக்குப் போகிறாள். உண்மையில் அந்தச் சிறுவன் வாரம் இருமுறை அம்மாவின் இடுப்பில் அமர்ந்து கடைக்குப் போகிறான். கடைக்காரர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எந்தப் பழம் வாங்குவது என்பதைக் கைகாட்டி அவனே சொல்கிறான். "நீங்க தூக்கிட்டுப் போறது எத்தனை நாளைக்கு ஒரு தடவைம்மா?" என்ற ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்கும். தாய் சொன்னது திறனைப் பற்றி. நாம் கேட்டது பங்கேற்பைப் பற்றி. உதவியோடு செய்வதும் பங்கேற்பே என்பதைத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லுங்கள், நடுவிலும் நினைவூட்டுங்கள். மாற்றுத்திறன் இல்லாத குழந்தையின் பெற்றோரிடமும் அதே சொற்களில் சொல்லுங்கள்; அந்தக் குழந்தைகளும் அப்பாவோடுதான் கடைக்குப் போகிறார்கள், அதை யாரும் குறைத்துப் பதிவதில்லை.

உண்மையாகவே 'இல்லை' என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். குழந்தைக்கு விருப்பம் இல்லை, வயதுக்குப் பொருந்தாது, அந்தப் பகுதியில் அது கிடைக்காது, வீட்டில் அனுமதி இல்லை, பிறர் சேர்த்துக்கொள்வதில்லை, போய்வர வழி இல்லை: இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருள் கொண்டவை. நீந்தப் பிடிக்காத குழந்தை நீந்தாமல் இருப்பதற்கும், நீச்சல் குளத்தில் சேர்க்க மறுக்கப்பட்ட குழந்தை நீந்தாமல் இருப்பதற்கும் ஒரே பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்துவது அளவை ஆகாது. கருவியின் தரப்படுத்தப்பட்ட கேள்விகளை மாற்றாமல், காரணத்துக்கென்று தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உருப்படிக்கு உரிய எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாச் செயல்களுக்கும் முதலில் 'எவ்வளவு அடிக்கடி' என்று கேட்டுவிட்டுப் பிறகு ஈடுபாட்டுக்குத் திரும்பி வந்தால், பெற்றோர் மனத்தில் அந்தச் செயலின் காட்சி கலைந்துபோயிருக்கும்; பொதுவாகக் குழந்தை எப்படிப்பட்டவன் என்ற எண்ணத்திலிருந்தே பதில் வரும்.

'கடந்த 4 மாதங்கள்' என்பது பலருக்குத் தெளிவற்ற காலம். பள்ளி திறந்த நாள், தேர்வு, குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்று தொடக்கத்தை நினைவில் ஊன்றிக்கொடுங்கள். இரு குழுக்களையும் ஒரே பருவத்தில் சந்திக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்: ஒரு குழுவை விடுமுறைக்குப் பின்பும் மற்றொன்றைத் தேர்வுக் காலத்திலும் அளந்தால் வெளிவிளையாட்டில் வேறுபாடு வராமல் இருக்காது.

8. சூழலையும் அதே சந்திப்பில் பதியுங்கள்

பங்கேற்பில் குறைவு இருக்கிறது என்பதோடு முடியும் ஆய்வு, குறைவு குழந்தைக்குள் இருக்கிறது என்ற எண்ணத்தைத் தானாகவே விட்டுச்செல்லும். ஐரோப்பாவில் பல பகுதிகளில் 8 முதல் 12 வயதுள்ள மூளை முடக்குவாதக் குழந்தைகளிடம் நடந்த 'ஸ்பார்க்கிள்' ஆய்வில், குறைபாட்டின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் பகுதிக்குப் பகுதி பங்கேற்பு வேறுபட்டது. இடமும் விதிகளும் மனிதர்களும் இதில் பங்கு வகிக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆகவே சாய்தளம், கழிப்பறை, போக்குவரத்து, செலவு, நேரம், ஆசிரியர் மற்றும் பிற குழந்தைகளின் மனப்பான்மை, செயல் கோரும் உடல் உழைப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். இடத்துக்கு இடம் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் உதவும் சூழல் பள்ளியில் தடையாக இருக்கலாம். மாற்றுத்திறன் இல்லாத குழந்தைகளின் பெற்றோரிடமும் தவறாமல் கேளுங்கள். பாதுகாப்பற்ற சாலை எல்லாக் குழந்தைகளையும்தான் வீட்டுக்குள் வைக்கிறது.

9. பதிவேற்றும்போது நான்கு வெறுமைகளைப் பிரியுங்கள்

'ஒருபோதும் இல்லை', 'பொருந்தாது', 'தெரியாது', 'கேட்க விட்டுப்போனது' ஆகிய நான்குக்கும் நான்கு தனிக் குறியீடுகள் வேண்டும். முதலாவது மட்டுமே உண்மையான பூஜ்யம். நான்கையும் காலிக் கட்டமாக விட்டாலும், நான்குக்கும் பூஜ்யம் போட்டாலும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. பள்ளியிலேயே சேர்க்கப்படாத குழந்தையின் பள்ளிப் பகுதி எப்படிப் பதியப்படும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 'பொருந்தாது' என்று விட்டுவிட்டால் மிகப் பெரிய விலக்கல் உங்கள் அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். நான் அதைத் தனி முடிவாக எண்ணிக்கையோடு தரச் சொல்வேன்.

10. மதிப்பெண் கணக்கு: வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள்

ஒருபோதும் இல்லை 0, நாள்தோறும் 7 என்று அளவுகோல் வைத்துக்கொள்வோம். வீட்டுச் செயல்கள் 10. ஒரு குழந்தை 6 செயல்களை மட்டும் செய்கிறாள்: 7, 7, 7, 6, 5, 4. கூட்டினால் 36. மற்றொரு குழந்தை 10 செயல்களையும் செய்கிறான். அவனுடைய கூட்டுத்தொகை 45.

செய்த செயல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அவளுக்கு 6.0, அவனுக்கு 4.5. பட்டியலின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் அவளுக்கு 3.6, அவனுக்கு 4.5. தரவு ஒன்றுதான், யார் அதிகம் பங்கேற்கிறார் என்ற விடை தலைகீழாகிவிட்டது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் குறைவான செயல்களை அடிக்கடி செய்வது நிகழக்கூடியது என்பதால், இந்தத் தேர்வு குழு ஒப்பீட்டையே புரட்டிவிடும்.

ஆகவே மூன்று எண்களைத் தனித்தனியே கொடுங்கள்: எத்தனை வகைச் செயல்களைச் செய்கிறார்கள், செய்பவற்றை எவ்வளவு அடிக்கடி செய்கிறார்கள், செய்யும்போது ஈடுபாடு எவ்வளவு. கருவியின் கையேடு எந்த வகுத்தலைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றி, அதை ஒரு வரியில் எழுதியும் வையுங்கள்.

ஈடுபாட்டு மதிப்பெண் செயலில் கலந்துகொண்டவர்களுக்கு மட்டுமே இருக்கும். செய்யாத குழந்தைக்கு ஈடுபாடு பூஜ்யம் என்று போடுவது தவறு; அங்கே அளக்க எதுவும் இல்லை. இதன் விளைவாக, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்ட சிலரின் ஈடுபாடு உயர்வாக இருந்தால் குழுவின் சராசரியும் உயர்வாகத் தெரியும். ஈடுபாட்டுச் சராசரியின் அருகிலேயே, அது எத்தனை குழந்தைகளைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்ற எண்ணும் நிற்க வேண்டும்.

11. ஒப்பீடு

வயது, பாலினம், குடும்ப வருமானம், நகரமா கிராமமா என்பவை மாற்றுத்திறனைப் போலவே பங்கேற்பை மாற்றக்கூடியவை. 6 வயதுக் குழந்தையையும் 15 வயதுப் பிள்ளையையும் ஒரே சராசரிக்குள் போட்டால் இருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. குழந்தைகளைச் சேர்க்கும்போதே வயதையும் பாலினத்தையும் பொருத்திக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பகுப்பாய்வில் சரிசெய்யுங்கள்.

'வாரம் ஒருமுறை'யிலிருந்து 'வாரம் சிலமுறை'க்கு உள்ள தூரமும், 'மாதம் ஒருமுறை'யிலிருந்து 'மாதம் சிலமுறை'க்கு உள்ள தூரமும் சமம் அல்ல. இவை வரிசை காட்டும் எண்கள் என்பதை மறவாமல், சராசரியோடு விடைகளின் பரவலையும் காட்டுங்கள். பெம்-சிஒய்யின் 25 உருப்படிகளையும் தனித்தனியே சோதித்தால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு தற்செயலாகவே புள்ளியியல் 'முக்கியத்துவம்' பெற்றுவிடும். எந்த உருப்படிகளை ஒப்பிடப்போகிறீர்கள் என்பதை முன்பே எழுதிவைப்பது அதற்குத் தடுப்பு. போதிய எண்ணிக்கை இருந்தால், ஒரே அளவு பங்கேற்பு உள்ள இரு குழுக் குழந்தைகளின் பெற்றோரும் குறிப்பிட்ட உருப்படிக்கு ஒரே மாதிரி விடையளிக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

இரு குழுக்களின் பரவலை ஒரே வரைபடத்தில் வரைந்தால் பெரும்பாலும் அவை ஒன்றின்மேல் ஒன்று கணிசமாகப் படியும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் என்பது ஒரே வகைக் குழு அல்ல. பார்வை, நடை, பேச்சு, கற்றல் ஆகிய சிரமங்கள் வெவ்வேறு செயல்களைப் பாதிக்கின்றன. நோயின் பெயரால் பிரிப்பதைவிட எந்தச் செயல்பாட்டில் சிரமம், எந்த அளவில் என்று பிரிப்பது அதிகம் விளக்கும்.

12. அறிக்கையும் மறு அளவையும்

அதிகப் பங்கேற்பே நல்ல பங்கேற்பு என்று எழுதிவிடாதீர்கள். தொலைக்காட்சி பார்ப்பது ஒரு குழுவில் அதிகம் என்றால் அது வெற்றி ஆகாது. 'மாற்றம் வேண்டுமா' என்ற கேள்வி இருப்பது இதற்காகத்தான். குறைவாகச் செய்து நிறைவாக இருக்கும் குடும்பமும், அதிகமாகச் செய்தும் மாற்றத்தை விரும்பும் குடும்பமும் உண்டு. எண்ணிக்கையையும் இந்த விருப்பத்தையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைத்தால், எங்கே தலையிட வேண்டும் என்பது வாசிப்பவருக்குப் புலப்படும்.

பங்கெடுத்த குடும்பங்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள். அவர்களுடைய குழந்தையின் மதிப்பெண்ணைச் சராசரியோடு ஒட்டிக் காட்ட வேண்டாம். அவர்கள் மாற்றம் வேண்டும் என்று சொன்ன செயல்களையும், தடை என்று சொன்னவற்றையும் பட்டியலிட்டால் அவர்கள் அதைப் பள்ளியில் காட்டிப் பேச முடியும்.

மறுபடி அளப்பதாக இருந்தால் அதே நபரிடம், அதே பருவத்தில் கேளுங்கள். கேள்வி கடந்த 4 மாதங்களைப் பற்றியது என்றால், 2 மாதம் கழித்துக் கேட்கும் இரண்டாம் விடையில் பாதிக் காலம் முதல் அளவையோடு மேற்படியும். ஆகவே திட்டம் தொடங்கி 4 மாதமாவது முழுதாகக் கழிந்த பிறகே இரண்டாம் அளவைக்கு நாள் குறியுங்கள். அதே பருவமும் வேண்டுமென்றால் அது பெரும்பாலும் அடுத்த ஆண்டாகவே அமையும், நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே அந்தக் கால அளவைக் காட்டிவிடுங்கள்.